பழைய சத்திரம் என்று நம்பி 648 பவுண்டு போச்சு, உஷார்!

நேற்று ராத்திரிதான் லண்டன் திரும்பினோம். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற மலைப்பகுதிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய 'கோச்சிங் இன்', அதாவது அந்தக் காலத்தில் கோச் வண்டிகள் நின்று குதிரை மாற்றிக்கொண்டு போன சத்திரம். அதன் பெயரைச் சொல்லவில்லை. பதிவு செய்த தளமும் எல்லோர் போனிலும் இருக்கிற வகைதான்.

திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். 1784-இல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் கோச் ஓடியதையும், பின்னால் ரயில் வந்து அந்தத் தொழிலையே விழுங்கியதையும் நான் பள்ளியில் படிக்கும்போதே கதையாகச் சொன்னவர். அப்படி ஓர் இடத்தில் அவரைத் தங்க வைக்க ஆசைப்பட்டேன். படத்தில் கருத்த ஓக் உத்தரங்கள், விதானம் போட்ட கட்டில், கணப்பு. அப்பா அம்மாவுக்கு அந்த அறை, எனக்கு ஒரு சின்ன அறை, இரண்டு இரவுக்கு 648 பவுண்டு. பணம் திரும்பக் கிடைக்காத வகை.

சும்மா கட்டிவிடவில்லை. முதலில் சத்திரத்துக்கே போன் செய்தேன். "படத்தில் இருக்கும் அறையேதான் டியர், உங்கள் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார் ஒரு பெண்மணி. அந்த 'டியர்'-இல் விழுந்தேன். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

பேடிங்டனில் ரயில் ஏறி மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கி டாக்ஸி பிடித்துப் போனோம். வாசலில் கோச் நுழைகிற பெரிய வளைவு, அடியில் சக்கரம் உரசித் தேய்ந்த கல். அப்பா குனிந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த வளைவு வழியாகவே எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி ஒரு செங்கல் கட்டடம், எனக்கு இருக்கிற வயதுகூட அதற்கு இருக்காது. ஜன்னலுக்கு நேரே சமையலறைப் புகைபோக்கி, அறை முழுக்க மீன் பொரித்த எண்ணெய் வாடை. கூரையில் உத்தரம் இருந்தது. அப்பா நாற்காலியில் ஏறி விரலால் தட்டினார். உள்ளே வெறும் காற்று. பிளாஸ்டிக்!

"இதுக்காம்மா 648 பவுண்டு?" என்றார். ரூபாயில் அறுபதாயிரத்தைத் தாண்டும்.

வரவேற்பில் கேட்டால், "தளத்தில் 'அறை வகை' என்றுதான் இருக்கும், நீங்கள் அவர்களிடம் பேசுங்கள்." தளத்தைக் கேட்டால், "அறை ஒதுக்குவது விடுதியின் பொறுப்பு." மறுபடி வரவேற்பு. மேலாளர் திங்கட்கிழமைதான் வருவாராம், திங்கட்கிழமை நாங்கள் கிளம்பியாகிவிட்டது. போனில் பேசிய பெண்மணியா? அப்படி யாரும் இங்கே இல்லையாம். ஞாயிறு சாயங்காலம் சமையலறையையும் சீக்கிரமே மூடிவிட்டார்கள். பிஸ்கட்டும் டீயும்தான் ராத்திரிச் சாப்பாடு. கடைசியில் தளம் பெரிய மனசு பண்ணி 20 பவுண்டு வவுச்சர் அனுப்பியது. 648-க்கு 20!

மறுநாள் பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய கல்வீட்டு வரிசையைப் பார்த்ததுதான் ஒரே ஆறுதல். 1380-இல் கம்பளிக் கிடங்காகக் கட்டியது என்று அப்பா அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே நடந்தார்.

சரி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 'அனெக்ஸ்' (எங்களுக்குக் கிடைத்த மாதிரித் தனி இணைப்புக் கட்டடம்) என்ற சொல் எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பழைய கட்டடத்தில் எந்த அறை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தேதி குறித்துப் போடும் தங்குமிடப் பதிவுக்கு 14 நாளில் ரத்து செய்யும் உரிமை இங்கே கிடையாது. முடிந்தால் விடுதிக்கே நேராக, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. நடுவில் தளம் புகுந்தால் அதுவும் சிக்கல்தான். நான் டெபிட்டில் கட்டித் தொலைத்தேன். வங்கியில் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அந்த 20 பவுண்டு வவுச்சர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.