மாடி சோலார்: 3 ஆண்டு ஓடியபின்

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு மூன்று ஆண்டாகிறது. பேனல்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் விட்டுக் கழுவுவேன், அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு தடவை, நான் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தது. அந்த வரிசை முழுவதுமே படுத்துக்கொண்டது. தொட்டியை நகர்த்தினேன், சரியானது.

கடுப்பேற்றியது வேறு. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும்! வீட்டில் மீந்த மின்சாரம் தெரு லைனுக்குப் போகிறது. அந்த லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடுகிறது. நியாயம்தான். ஆனால் விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உச்சி வெயிலில், தலைக்கு மேல் அத்தனை பேனல் இருந்தும், கீழே விசிறி சுற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

போட்ட காசு திரும்புமா? அது பேனலைவிட அரசின் கொள்கையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. ஜெர்மனி 2000இல் சட்டம் போட்டு, லைனுக்குக் கொடுக்கும் சோலார் மின்சாரத்துக்கு 20 ஆண்டுக்கு நிலையான விலை தந்தது, முதலீடு குவிந்தது. அப்புறம் சீனத் தொழிற்சாலைகள் பெருகின, பேனல் விலை சரிந்தது. ஸ்பெயின் சொன்ன சலுகையைப் பாதியில் வெட்டியது. முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதனால் மீந்த யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் பார்க்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. பேட்டரி போட்டபின் மீதி ஒன்றைப் பற்றி யோசிக்கிறேன்.