எக்ஸ்எம்எல் கோப்பை ஸ்கீமாவோடு சரிபார்த்த ஆறு சீசன்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு மென்பொருள் வேலை பார்க்கிறேன். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும். ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடையிலிருந்து ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு (தகவல்களைப் பெயரிட்ட உறுப்புகளாக எழுதும் உரைக்கோப்பு) எங்கள் கணக்குக்கு வந்து சேரும். அதில் ஒரு எண் பிசகினால் விவசாயிக்குப் போகும் பணம் பிசகும். அதனால் கோப்பை உள்ளே விடுவதற்கு முன் அதில் என்னென்ன, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்எஸ்டி ஸ்கீமாவோடு நிரலிலேயே ஒப்பிட்டுவிடுகிறேன்.

முதல் இரண்டு சீசன் இதற்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் உள்ள எக்ஸ்எம்எல்ரீடர். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் எடை மேடைக்கு மென்பொருள் கொடுத்தவர்கள் ஒரு அப்டேட்டில் நேம்ஸ்பேஸை, அதாவது உறுப்புகளின் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளத்தை, மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பிழைகூட வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள், நான்கு டன் இறக்கிய ஒரு பெரியவர் சீட்டோடு வந்து நின்றார். நிகர எடை பூஜ்யம் என்று அடித்திருந்தது. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

கோப்பின் நேம்ஸ்பேஸுக்கு உரிய ஸ்கீமா கிடைக்காவிட்டால் டாட்நெட் அதைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, எச்சரிக்கையாகத்தான் வைக்கிறது. அந்த எச்சரிக்கையும் ரிப்போர்ட்வேலிடேஷன்வார்னிங்ஸ் என்பதை செட்டிங்கில் சேர்த்தால்தான் நம் காதுக்கு வரும். நான் சேர்க்கவில்லை. ஐந்து நாளும் எந்தக் கோப்பும் சரிபார்க்கப்படவே இல்லை. எங்கள் நிரல் உறுப்புகளின் பெயரை மட்டும் பார்த்துப் படித்ததால், காலியாக விடப்பட்ட எடையும் தடையில்லாமல் உள்ளே போய்விட்டது.

அப்புறம் பைத்தானுக்கு மாறி, எல்எக்ஸ்எம்எல் நூலகத்தை எடுத்தேன். வேர் உறுப்புக்கு (மற்ற எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும் உறுப்பு) ஸ்கீமாவில் அறிவிப்பு இல்லையென்றால் இது அங்கேயே செல்லாது என்று சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதன் எர்ரர் லாக். எந்த வரியில் என்ன தவறு என்று தருகிறது. அதைத் தமிழாக்கி எடை மேடைத் தம்பியின் திரையில் காட்டுகிறேன்: '12ஆம் வரி: எடை காலியாக உள்ளது'. அவரே திருத்தி அனுப்பிவிடுகிறார், எனக்குப் போன் வருவதில்லை. தேதியை 14-06-2023 என்று போட்டாலும் நிறுத்திவிடும், 2023-06-14 என்றுதான் இருக்க வேண்டும். ஸ்கீமாவை மட்டும் ஒருமுறை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஏற்ற வேண்டாம்.

ஒரு குறை உண்டு. மொத்த எடையில் லாரியின் காலி எடையைக் கழித்தால் நிகர எடை வருகிறதா என்று 2001இல் வந்த ஸ்கீமா 1.0 பார்க்காது. 2012இல் வந்த 1.1 பதிப்பில் உள்ள அசெர்ட் என்ற நிபந்தனை விதிக்கு அது முடியும், எல்எக்ஸ்எம்எல்லோ 1.0ஐத்தான் ஆதரிக்கிறது. அந்தக் கழித்தலை மட்டும் தனியாகப் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறேன்.

வேண்டுமென்றே எடையைக் காலியாக விட்ட ஒரு கோப்பும், நேம்ஸ்பேஸ் மாற்றிய ஒரு கோப்பும் கைவசம் உண்டு. தினமும் முதல் லாரி வருமுன் அந்த இரண்டையும் அனுப்புகிறேன். இரண்டும் செல்லாது என்று திரும்பி வந்தால்தான் எடை மேடை திறக்கும்.