பச்சை விளக்கு எரிந்தால் போதுமா? ராட்டின இருக்கைப் பூட்டுகள்: ஒரு மதிப்பீடு

பொழுதுபோக்குப் பூங்கா ரைடுகளை உயரத்தையும் வேகத்தையும் வைத்து மதிப்பிடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொள்வது இருக்கையில் ஆளைப் பிடித்துவைக்கும் பூட்டை மட்டும். யாராவது இருக்கையிலிருந்து விழுந்துவிட்டால், தயாரிப்பாளர் மீதான வழக்கில் முதலில் அக்கக்காகப் பிரித்துப் பார்க்கப்படுவது இந்தப் பாகம்தான். தோளுக்கு மேலிருந்து இறங்கும் ஹார்னஸ், மடிமேல் அழுத்தும் லேப் பார், சீட் பெல்ட், ஒட்டிப் பிரிக்கும் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) ஆகிய நான்கைப் பார்ப்போம்.

பார்க்க மிகவும் கெட்டியாகத் தெரிவது ஹார்னஸ். வழக்குகளில் அதிகம் சறுக்குவதும் அதுவே. தோளை அழுத்தும் அழுத்தத்தில் பயணிக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் கோபுரத்திலிருந்து நேராக விழுந்து, பிரேக் பிடிக்கும் நொடியில் உடம்பு போகப் பார்ப்பது கீழே, முன்னே. அங்கே தடுப்பது தோள் பட்டை அல்ல. ஹார்னஸின் கீழ் முனைக்கும் இருக்கையின் நடுவே நிமிர்ந்து நிற்கும் கொம்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைவு என்பதே ஆளைக் காப்பாற்றுகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021 டிசம்பரில் திறந்த ஆர்லாண்டோ ஃப்ரீஃபால் இதற்குச் சரியான உதாரணம். 430 அடி உயரக் கோபுரம், ஆஸ்திரிய நிறுவனமான ஃபன்டைமின் தயாரிப்பு. 2022 மார்ச் 24 அன்று 14 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். மாநில அரசு வெளியிட்ட பொறியியல் அறிக்கையின்படி, அவன் இருந்த இருக்கையின் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (ஹார்னஸ் போதுமான அளவு இறங்கிவிட்டதா என்று உணரும் கருவி), ரைடை நிறுவியபின் கையால் நகர்த்தப்பட்டிருந்தது. வழக்கத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளி இருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 'சரி' என்ற தகவல் போனது, விளக்கும் எரிந்தது. ஹார்னஸ் கடைசிவரை பூட்டியேதான் இருந்தது. கதவுப் பூட்டில் குறையில்லை, சுவரில்தான் ஓட்டை.

தயாரிப்பாளரின் கையேடு ஒரு பயணிக்கு 130 கிலோ என்று வரம்பு வைத்திருந்தது. அந்தச் சிறுவனின் எடை அதைவிட அதிகம். இரண்டாவது பிடிமானமாக பெல்ட் எதுவும் இல்லை. 30 இருக்கைகளுக்கும் பெல்ட் மாட்ட 660 டாலர், அதாவது இருக்கைக்கு 22 டாலர் ஆகியிருக்கும் என்று குடும்பத்தின் வழக்கறிஞர்கள் கணக்குக் காட்டினார்கள். வடிவமைப்புக் குறை என்று வழக்குப் போடுபவருக்கு இதைவிட வசதியான எண் கிடைக்காது. 'இதைவிடப் பாதுகாப்பான மாற்று, கட்டுப்படியாகும் செலவில் இருந்ததா?' என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் பல கேட்கும் கேள்வி.

இப்படிப்பட்ட வழக்கில் தயாரிப்பாளர் வழக்கமாகச் சொல்வது: 'நான் கொடுத்தபடி இல்லை, வாங்கியவர் திருகி மாற்றிவிட்டார்.' பல நேரம் இது எடுபடும். ஆனால் ஒரு ஸ்பேனரால் தளர்த்தி நகர்த்தும்படி சென்சாரைப் பொருத்திவிட்டு, யாரோ நகர்த்துவார்கள் என்று நினைக்கவேயில்லை என்றால் நம்புவது கடினம். முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய மாற்றத்துக்கு வடிவமைத்தவரும் பொறுப்பாகலாம். சென்சார் தாங்கியை உலோக முளை அடித்தோ வெல்டிங் செய்தோ நிறுத்தாத ஹார்னஸுக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அதே ஹார்னஸில் கால்களுக்கிடையே வந்து மாட்டும் பெல்ட்டும் இருந்தால் நான்கு.

லேப் பார் கொஞ்சம் மேல், ஆனால் ஆளுக்கு ஒன்றாக இருந்தால் மட்டும். இருவருக்குச் சேர்த்து ஒரே கம்பி என்றால் பருமனானவரின் தொடையில் அது நின்றுவிடும், பக்கத்தில் உள்ள குழந்தைக்கு மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் காலியாகக் கிடக்கும். தனிக்கம்பியிலும் ஒரு பொறி உண்டு: கம்பி தொடையில் உட்காராமல் வயிற்றில் உட்கார்ந்தால், ராச்செட் (ஒரு பக்கம் மட்டும் நகரும் பல் பூட்டு) போதுமான பல் இறங்கிவிட்டதாகக் காட்டும். ரைடு மேட்டிலிருந்து இறங்கும்போது வயிறு அமுங்கும், பிடி தளரும்.

2013 ஜூலையில் டெக்சாஸில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவின் டெக்சாஸ் ஜயன்ட் ரோலர்கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். பூங்காவும், ரயில்களைச் செய்த ஜெர்மனியின் கெர்ஸ்ட்லாவர் நிறுவனமும் நீதிமன்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டன. இரு தரப்பும் பிரதிவாதியாக இருக்கும் வழக்கில் இது அடிக்கடி நடப்பது. பாதிக்கப்பட்டவர் தேடி அலையவேண்டிய ஆவணங்கள் பாதி இவர்கள் சண்டையிலேயே வெளியே வந்துவிடும். அந்த செப்டம்பரில் ரைடு மறுபடி ஓடியபோது கம்பியின் மெத்தை வடிவம் மாறியிருந்தது, சீட் பெல்ட்டும் சேர்ந்திருந்தது. 'பிறகு மாற்றினார்களே, அப்படியானால் முன்பு குறைதானே' என்று வாதாட ஆசை வரும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதி 407 அதை அனுமதிக்காது. ஆனால் 'பெல்ட் மாட்டச் சாத்தியமே இல்லை' என்று தயாரிப்பாளர் வாய்விட்டால், அதை மறுக்க அதே பெல்ட்டைக் காட்டலாம்.

ஒட்டுப்பட்டைக்கு மதிப்பெண் பூஜ்ஜியம். கன்சாஸ் நகரின் வெருக்ட் நீர்ச்சறுக்கில், 51 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து இறங்கும் ரப்பர் படகில் ஆளைப் பிடித்துவைத்தது ஒட்டிப் பிரிக்கும் நைலான் பட்டை. 2016 ஆகஸ்டில் படகு பாதையைவிட்டு எழும்பி, 10 வயதுச் சிறுவன் மேலே வலையைத் தாங்கிய வளையத்தில் மோதி இறந்தான். பூங்கா, படகு செய்தவர், கட்டுமான ஒப்பந்தக்காரர் என்று பலர் சேர்ந்து கிட்டத்தட்ட 2 கோடி டாலர் சமரசத் தொகை கொடுத்தார்கள். நனைந்து, காய்ந்து, நாளெல்லாம் பிரித்துப் பிரித்து ஒட்டினால் ஒட்டும் கொக்கிகள் மழுங்கும். உயிரைத் தாங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

சீட் பெல்ட் தனியாக நின்றால் சுமார், துணையாக நின்றால் அருமை. வெயிலில் கிடக்கும் நைலான் வெளுத்து முறுகும், முதலில் விடுவது தையல்தான். ரைடு வடிவமைப்புக்கான ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரநிர்ணயம் பிடிமானங்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. உச்சமான ஐந்தாம் வகுப்பு, ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்களையோ, பழுதானாலும் விடாத ஒன்றையோ கேட்கிறது. தயாரிப்பாளர் தன் ரைடை எந்த வகுப்பில் போட்டார், எந்த முடுக்கக் கணக்கை வைத்துப் போட்டார் என்ற தாளை வழக்கின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

எல்லா விபத்தையும் தயாரிப்பாளர் தலையில் கட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் ரோலர்கோஸ்டரின் கட்டுப்பாட்டு அமைப்பு ரயிலைச் சரியாகவே நிறுத்தியது. ஊழியர்கள் அதை மீறி அனுப்ப, அது காலி வண்டியில் மோதியது. நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். 2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ கண்காட்சியில் ஃபயர்பால் என்ற ரைடு உடைந்ததற்குக் காரணம், இருக்கையைத் தாங்கிய தூணுக்குள் பல ஆண்டு அரித்த துரு. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போது கண்ணால் பார்க்கும் சோதனை எதையும் காட்டாது, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்க வேண்டும்.

வழக்குப் போடுபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில். பூங்கா 'பழுதுபார்க்கிறோம்' என்று ஒரு போல்ட்டைத் தொட்டாலும் சான்று போயிற்று. அதே நாளில் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, ரைடு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவு, பராமரிப்பு நோட்டு, தயாரிப்பாளர் அனுப்பிய சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் அப்படியே வைக்கச் சொல்ல வேண்டும். விழுந்த இருக்கையை மட்டும் அளந்தால் போதாது, எல்லா இருக்கைகளின் இடைவெளியையும் அளக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் விலகியிருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள்; எல்லாமே ஒரே அளவு விலகியிருந்தால் வடிவமைப்பையோ நிறுவியவரையோ சந்தேகிக்கலாம். சென்சார் நட்டின் மேல் பெயின்ட் கோடு கலைந்திருக்கிறதா என்று அருகில் வைத்துப் படமெடுங்கள், பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி.

காலக்கெடுவிலும் ஒரு கண் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985 பொருள் பொறுப்பு விதியில், பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டு ஆனால் தயாரிப்பாளர் மீதான உரிமை முடிந்துவிடும். ஃபயர்பால் 1998-இல் செய்தது. அந்த விதியின் கீழ் அப்படிப்பட்ட ரைடு 19-ஆம் ஆண்டில் உடைந்தால், பராமரித்தவரையும் சோதித்தவரையும்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரீஃபால் வழக்கில் 2024 டிசம்பரில் ஜூரி 31 கோடி டாலர் விதித்தது. ஃபன்டைம் நீதிமன்றத்துக்கே வரவில்லை. அத்தகைய தீர்ப்பைப் பணமாக்க, தயாரிப்பாளரின் சொத்து இருக்கும் நாட்டின் நீதிமன்றமும் அதை ஏற்க வேண்டும். ஆகவே ரைடு வாங்கும் பூங்காக்கள் ஒப்பந்தத்தில் மூன்றை எழுதிக் கேட்கட்டும்: நகர்த்த முடியாத சென்சார் தாங்கி, இடைவெளியை அளக்கத் தயாரிப்பாளரே கொடுக்கும் அளவுக்கட்டை, ரைடு ஓடும் நாட்டில் செல்லுபடியாகும் பொருள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று. கடைசிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்ற வரியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.