மராகேஷ் போகிறவர்கள் கவனத்துக்கு: கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம்

மொராக்கோ போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளோடு போகிறவர்களும், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மராகேஷின் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் குடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து மருதாணி போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி என்று யார் சொன்னாலும் கையைக் கொடுக்காதீர்கள். இலவசம் என்றாலும் வேண்டாம். என் தோழியின் வலது புறங்கையில் அப்படி வரைந்த பூக்கொடி இன்னும் தழும்பாகவே இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் சுற்றப் போயிருந்தோம். காலையில் பென் யூசுஃப் மதரஸா, பழைய இஸ்லாமியக் கல்விக்கூடம். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முற்றத்தைச் சுற்றிலும் கீழே வண்ண ஓடு, அதற்கு மேல் சுதை வேலைப்பாடு, அதற்கும் மேல் மரச் செதுக்கல். வாசலிலேயே டிக்கெட் கொடுக்கிறார்கள், யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஊரில் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா எங்களைச் சொந்தப் பிள்ளைகள் மாதிரிதான் பார்த்துக்கொண்டார்.

மதரஸாவை விட்டு வெளியே வந்ததும் ஒரு பையன் "ஷாருக் கான்! நமஸ்தே!" என்று கூடவே நடக்க ஆரம்பித்தான். இந்தியர்களைப் பார்த்தால் அங்கே பல பேர் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பெரும்பாலும் அன்பாகத்தான். இவன் சொன்ன கதை வேறு. அட்லஸ் மலையிலிருந்து பெர்பர் என்னும் அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் தோல் பதனிட வந்திருக்கிறார்களாம், இன்றைக்குத்தான் கடைசி நாளாம், சாயங்காலம் கிளம்பிவிடுவார்களாம். "பணமெல்லாம் வேண்டாம், நான் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறேன்" என்றான். பாப் தப்பாஹ் வாசலுக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் தொட்டிகள் இருக்கின்றன. அங்கே போனதும் இன்னொருவர் ஆளுக்கொரு கொத்துப் புதினாவைக் கையில் திணித்தார், நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ளவாம். சுண்ணாம்புத் தொட்டி, புறா எச்சம் கரைத்த தொட்டி, சாயத் தொட்டி என்று வேகமாகக் காட்டிவிட்டு நேரே ஒரு தோல் கடைக்குக் கூட்டிப்போனார். எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம். குறுகலான சந்தில் அந்தப் பையனோடு இன்னும் சில ஆண்கள் நின்றிருந்தார்கள். ஆளுக்கு 200 திர்ஹம் கேட்டார்கள். அப்போது ஒரு திர்ஹம் நம் காசில் 9 ரூபாய் பக்கம். வாக்குவாதம் முற்றி, குரல் உயர்ந்து, கடைசியில் 150 கொடுத்த பிறகுதான் வழி விட்டார்கள்.

அந்தத் தொட்டிகளில் வேலை அன்றாடம் நடக்கிறது. கடைசி நாள் என்று ஒன்று கிடையாது. "இந்தச் சாலை மூடியிருக்கு", "இன்றைக்கு மட்டும் சந்தை" என்று யார் சொன்னாலும் நின்று பேசவே வேண்டாம், "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். அரசு அனுமதி பெற்ற வழிகாட்டிகள் படம் போட்ட அடையாள அட்டை வைத்திருப்பார்கள். தெருவில் தானாக வந்து ஒட்டிக்கொள்பவர்களிடம் அது இருக்காது.

சரி, இது பணத்தோடு போனது. மறந்துவிடலாம். அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஜெமா எல் ஃப்னா எப்பேர்ப்பட்ட இடம் என்று போனவர்களுக்குத் தெரியும். கதை சொல்லிகள், வாத்தியக்காரர்கள், வித்தை காட்டுகிறவர்கள் என்று சாயங்காலம் ஆனால் களை கட்டிவிடும். அங்கே வாழும் இந்தக் கலைகளுக்காகவே 2001இல் யுனெஸ்கோ அதைத் தனியாக அங்கீகரித்தது. குத்துபிய்யா மசூதியின் 77 மீட்டர் கோபுரம் பின்னால் தெரிய, நாங்கள் ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு நடந்துகொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து தோழியின் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டார். நம் ஊர் கோன் இல்லை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் மாதிரி ஒன்று. வேண்டாம் என்று அவள் கையை இழுத்தாள். "பரிசு, பரிசு" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சுதாரிப்பதற்குள் பாதிக் கை நிறைந்துவிட்டது.

அந்தக் குழம்பு பச்சை இல்லை, பழுப்பும் இல்லை. மை மாதிரிக் கன்னங்கரேல் என்று இருந்தது. மருதாணி வாசனை துளிகூட இல்லை, தலைச்சாயத்தின் நெடி அடித்தது. முடித்ததும் 500 திர்ஹம் கேட்டார். பரிசு என்றது எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். "குடுத்துட்டு வாடி, போயிடலாம்" என்று தோழி பயந்துபோய்ச் சொன்னாள். 200 கொடுத்தோம். கால் மணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்து, கை கறுப்பாகவே பிடித்திருந்தது.

நாம் மருதாணி அரைத்து வைத்து வளர்ந்தவர்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும் காலையில் கழுவும்போது ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒரு நாள் போன பிறகுதான் செக்கச்செவேல் என்று ஆகும். இலையில் இருக்கும் நிறமே அதுதான். கால் மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி. என்னும் ரசாயனமாக இருக்கும். தலைச்சாயத்தில் சேர்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்திலேயே 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தோலில் வரைய அனுமதியே இல்லை. சதுக்கத்தில் கலக்குகிற குழம்பில் எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று யார் அளக்கப்போகிறார்கள்?

மறுநாள் ஃபெஸ் நகரத்துக்குப் போகும் ரயிலில் அரிப்பு ஆரம்பித்தது. ராத்திரி கை வீங்கியது. அப்புறம் வரைந்த கோடு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம், இலை இலையாக, கொப்புளம். கொடியின் சுருள்கூடப் பிசகாமல் அப்படியே எழும்பி நீர் கோத்து நின்றது. தூக்கம் இல்லாமல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபெஸ்ஸில் ஒரு மருந்துக் கடைக்காரர் கையைப் பார்த்த மாத்திரத்தில் "மராகேஷா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது.

சென்னை வந்து தோல் மருத்துவரிடம் காட்டியபோதுதான் முழு விஷயமும் புரிந்தது. அவள் ஏற்கெனவே தலைக்குச் சாயம் பூசுகிறவள் என்பதால் ஒவ்வாமை இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருக்கலாம் என்றார். சாயமே தொடாதவர்களுக்குச் சில நாள் கழித்துக்கூட வரலாமாம். ஒருமுறை உடம்பு இந்த பி.பி.டி.யை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அப்படித்தான். இனி அவள் தலைக்குச் சாயம் பூச முடியாது. பூசினால் முகம் வீங்கி மூச்சுத் திணறல்வரை போகலாம். மேலே தடவும் சில மரப்பு மருந்துகளும் சில துணிச் சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

மருதாணி வைத்தே ஆகவேண்டும் என்றால் தங்கும் இடத்தில் கேட்டு, நம்பகமான நக்காஷா ஒருவரை வரவழையுங்கள், மருதாணி போடும் பெண்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். குழம்பு பச்சையும் பழுப்புமாக இருக்க வேண்டும், சில மணி நேரம் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். சதுக்கத்தைக் கடக்கும்போது கைகளை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை என்றால் தூக்கிக்கொள்ளுங்கள். யாராவது பிடித்தால் சத்தம் போடுங்கள். சதுக்கத்திலேயே காவல் நிலையம் இருக்கிறது, சுற்றுலாப் போலீஸ் சாதாரண உடையில் சுற்றுகிறார்கள். நகரத்துக்குள் காவல்துறை எண் 19.

அதையும் மீறிக் கறுப்புக் குழம்பு பட்டுவிட்டால் காயும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பணப் பேச்சை அப்புறம் வைத்துக்கொண்டு, உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பக்கத்தில் ஜூஸ் கடைகளில் தண்ணீர் கிடைக்கும்.