ஏழு ஆண்டுகள் லினக்ஸ் மின்ட்: கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

மதுரை ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் தெருவில் எங்கள் தட்டச்சுக் கடை இருக்கிறது. உயர் நீதிமன்றக் கிளை பக்கத்திலேயே உலகனேரியில் இருப்பதால் காலை எட்டு மணிக்கே வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள் வந்துவிடுவார்கள். மனு, பிரமாணப் பத்திரம், தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்று எது கேட்டாலும் பத்து மணிக்குள் அச்சாகிக் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடையில்தான் 2018 தீபாவளி முடிந்த வாரம், விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளமான லினக்ஸ் மின்டின் 19-ஆம் பதிப்பை நிறுவினேன். பிறகு 20, 21, 22 என்று அதே கணினிகளிலேயே மேம்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

அச்சு, ஸ்கேன், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறை ஏதும் இல்லை. ஏழு ஆண்டுகளில் என்னை உண்மையாகவே கலங்கவைத்தது ஒன்றே ஒன்று: கணினி ஓடுகிறது, ஆனால் வேலை செய்யும் திரைக்குப் போக முடியவில்லை. இது நான்கு முறை நேர்ந்தது. நான்கு முறையும் காரணம் வேறு. நான்கு முறையும் ஒரு கோப்புகூடத் தொலையவில்லை. கோப்புகள் தொலையவில்லை என்பதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ மணி நேரப் பதற்றம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிக மோசமானது 2023 ஜூன் மாதம் வந்தது. பதிப்பு மாற்றங்களை எப்போதும் மே மாத நீதிமன்றக் கோடை விடுமுறையில்தான் செய்வேன். புதிய மின்ட் பதிப்புகள் வழக்கமாக ஜூன், ஜூலையில் வெளியாகும். நான் பத்து மாதம் பொறுத்திருந்து அடுத்த மே மாதம் மாறுவேன். அந்த ஆண்டும் அப்படித்தான் 21-க்கு மாறினோம். விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த முதல் வாரம். கடையில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறது."

கடவுச்சொல் தவறு என்றால் தவறு என்று திரையில் வரும். இங்கே அந்தச் செய்தி வரவில்லை. இந்த வேறுபாட்டை நன்றாகக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, அதற்குப் பிறகு தொடங்க வேண்டிய ஏதோ ஒன்று விழுந்துவிடுகிறது. நகருக்குள் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். "அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியதுதான், பழைய கோப்புகளை மறந்துவிடுங்கள்" என்றார். பதினோரு வழக்குகளின் கட்டுகள் அதில் இருந்தன. எப்படி மறப்பது?

மீனாட்சி கோயிலில் கிழக்கு வாசலில் கூட்டம் நெரிந்தால் மேற்கு வாசலுக்குச் சுற்றிப் போகிறோம். லினக்ஸிலும் அப்படி வேறு வாசல் உண்டு. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்3 விசையைத் தட்டினால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகப் பெயர் கேட்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பெயரைத் தட்டி, கடவுச்சொல்லையும் தட்ட வேண்டும். தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய திரைக்குத் திரும்ப மின்டில் எஃப்7.

அங்கே உள்ளே போய், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளையைக் கொடுத்தேன். முதன்மைப் பகிர்வுக்கு எதிரே 100 விழுக்காடு. 120 ஜிபி வட்டு விளிம்பு வரை நிறைந்திருந்தது.

நடந்தது இதுதான். மின்டுடன் வரும் டைம்ஷிப்ட் கருவி, கணினியின் அமைப்பை அவ்வப்போது நகலெடுத்து வைக்கிறது. அதை நான்தான் அதே வட்டில், தினமும் எடுக்கும்படி அமைத்திருந்தேன். மாறாத கோப்புகளை அது மறுபடி நகலெடுக்காமல் பழையதோடு இணைப்பு மட்டும் போடும் என்பதால் சாதாரண நாட்களில் அதிக இடம் பிடிக்காது. பதிப்பு மாறினால் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் மாறிவிடும். அப்போது பழைய அமைப்பு முழுவதும் ஒரு பக்கம், புதியது முழுவதும் இன்னொரு பக்கம் என்று இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் தங்கிவிடும். மேலே நாங்கள் ஸ்கேன் செய்து குவித்த பக்கங்கள் வேறு.

வட்டு நிறைந்தால் உள்நுழைவு ஏன் திரும்புகிறது? லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை ரூட் எனப்படும் நிர்வாகிக்கு ஒதுக்கி வைக்கிறது. உள்நுழைவுத் திரையை நடத்துவது ரூட் உரிமையில் ஓடும் லைட்டிஎம் என்ற நிரல் என்பதால் அந்தத் திரைக்குத் தடை இல்லை. உள்ளே நுழைபவர் சாதாரணப் பயனர். அவருடைய முகப்புக் கோப்புறையில் எக்ஸ்அதாரிட்டி என்ற சிறு அனுமதிக் கோப்பை எழுத வேண்டும். எழுத இடமில்லை. உடனே திரை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. "வட்டில் இடமில்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தம்பி அவனே சரிசெய்திருப்பான். உள்நுழைவுத் திரைகளை எழுதுபவர்களிடம் எனக்கு இருக்கும் ஒரே கோரிக்கை அந்த ஒரு வரிதான்.

தீர்வுக்குப் பத்து நிமிடம் ஆனது. 'சூடோ ஆப்ட் கிளீன்' கொடுத்து (சூடோ என்றால் நிர்வாகி உரிமையில் இயக்கு என்று பொருள்), இறக்கி வைத்திருந்த நிறுவல் கோப்புகளை நீக்கினேன். பிறகு டைம்ஷிப்டின் பட்டியலைப் பார்த்து, பழைய பதிப்பின் நகல்களை அதன் நீக்கும் கட்டளையாலேயே ஒவ்வொன்றாக நீக்கினேன். இருபது ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது. மறுதொடக்கம் செய்ததும் வழக்கம்போல் திறந்தது. பத்தேகாலுக்குக் குமாஸ்தா அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு போனார். இப்போது டைம்ஷிப்ட் நகல்கள் தனி வட்டில், வாரம் ஒன்று, மொத்தம் மூன்று மட்டும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: டைம்ஷிப்ட் இயல்பாக உங்கள் சொந்தக் கோப்புகளைக் காப்பதில்லை. அவற்றுக்குத் தனி நகல் கட்டாயம் வேண்டும்.

தமிழில் கணினியை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் அன்றுதான் முதலில் கண்டேன். எழுத்துத் திரையில் கணினி சொன்ன பிழைச் செய்திகள் எல்லாம் கட்டங்களாகத் தெரிந்தன. அந்தக் கறுப்புத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களே இருக்க முடியும். தமிழின் கொம்பையும் காலையும் சேர்த்து வரையும் திறமை அதற்கு இல்லை. கட்டளைக்கு முன்னால் 'லாங்=சி' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சேர்த்தால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதேபோல் 'ஆவணங்கள்', 'பதிவிறக்கங்கள்' என்று தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகளுக்குள் அங்கிருந்து போவது பெரும்பாடு. அந்தப் பெயரைத் தட்டவே வழியில்லை. கணினியின் மொழியைத் தமிழாக்கியதும், கோப்புறைகளின் பெயரையும் மாற்றட்டுமா என்று அது கேட்கும். பழைய ஆங்கிலப் பெயர்களே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். தமிழ் மேல் எனக்கு இருக்கும் பற்று யாருக்கும் குறைந்ததில்லை. திரை, பட்டியல், உதவிக் குறிப்பு எல்லாம் என் கணினியில் தமிழில்தான் இருக்கின்றன. இந்த நான்கைந்து கோப்புறைப் பெயர்களை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

விசைப்பலகைக் கதையும் தமிழ் சார்ந்ததுதான். 2021-இல் 20-க்கு மாறியபின், தமிழ் தட்டச்சு எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று அமைப்பு முழுவதற்குமான விசைப்பலகையிலேயே தமிழை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைத்தேன். மறுநாள் கடவுச்சொல் தவறு என்ற செய்தி. புள்ளிகளாக மறைத்துக் காட்டுவதால், நான் தட்டுவதெல்லாம் தமிழ் எழுத்தாக விழுகிறது என்பது அரை மணி நேரம் பிடிபடவில்லை. உள்நுழைவுத் திரையின் மேல் வலது மூலையில் விசைப்பலகைக் குறி இருந்தது. அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் உள்ளே விட்டது. இந்த வரிசை 'இடிசி' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' என்பதன் கீழ் 'கீபோர்டு' என்ற கோப்பில் இருக்கிறது. அதில் அமெரிக்க ஆங்கிலத்தை முதலாவதாக மாற்றி எழுதினேன்.

அதன்பின் அமைப்பின் விசைப்பலகையை நான் தொடுவதில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில்தான் தட்டுகிறோம். அதை ஐபஸ் உள்ளீட்டுக் கருவி வழியாக, உள்ளே நுழைந்த பிறகு மட்டும் இயங்கும்படி வைத்திருக்கிறேன். தட்டச்சு வேகத்தில் எந்தக் குறையும் இல்லை, வாசலிலும் தொல்லை இல்லை. கடவுச்சொல்லில் எண்கள் இருந்து, அவற்றை வலப்பக்க எண் விசைகளில் தட்டுபவர்களுக்கு இன்னொன்று: உள்நுழைவுத் திரையில் நம்லாக் அணைந்திருக்கலாம். நம்லாக்எக்ஸ் என்ற சிறு நிரலை நிறுவினால்தான், உள்நுழைவுச் சாளர அமைப்பில் அதை எப்போதும் ஏற்றிவைக்கும் வசதி கிடைக்கும்.

முதன்முதலில் மாட்டிக்கொண்டது 2019-இல். திரை வராத ஒரு நாளில், யாரோ சொன்னதைக் கேட்டு எழுத்துத் திரையில் 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டிவிட்டான் தம்பி. அன்று திரை வந்தது. மறுநாள் முதல் பழையபடி வாசலிலேயே சுற்றல். நிர்வாகி உரிமையில் திரையைத் தொடங்கியதால், அவனுடைய முகப்புக் கோப்புறையில் இருந்த அந்த அனுமதிக் கோப்பு ரூட்டின் சொத்தாகிவிட்டது. மறைந்த கோப்புகளையும் காட்டும் 'எல்எஸ் -எல்ஏ' கொடுத்தால் உரிமையாளர் பெயர் தெரியும். அங்கே உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் 'சோன்' கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். அந்தக் காலத்தில் மின்ட் போன்ற, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட அமைப்புகளில் சூடோ, பயனரின் முகப்புக் கோப்புறையையே தன் இடமாகக் கொண்டது; உபுண்டு 19.10 முதல் இது மாறிவிட்டது. ஆகவே மின்ட் 20 முதல் இந்த வகை விபத்துக்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் சூடோவோடு திரைநிரல் எதையும் திறக்காதீர்கள் என்று கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

காரணம் முகப்புக் கோப்புறையிலா, அமைப்பிலா என்று பிரித்துப் பார்க்க நான் கண்ட சிறந்த வழி, எழுத்துத் திரையிலிருந்து 'ஆட்யூசர்' கட்டளையால் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைந்து பார்ப்பது. புதியவர் நுழைய முடிகிறது, நீங்கள் நுழைய முடியவில்லை என்றால் தேட வேண்டியது உங்கள் கோப்புறைக்குள்தான். இருவரும் நுழைய முடியவில்லை என்றால் வட்டு, டிரைவர், அரைகுறை நிறுவல் ஆகியவற்றைப் பாருங்கள்.

அரைகுறை நிறுவல் 2025 மே மாதம் வந்தது. 22-க்கு மாறும்போது நடுவே மின்தடை. யுபிஎஸ் பேட்டரிக்கு வயதாகியிருந்தது, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுபடி ஏற்றினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. எழுத்துத் திரையும் வரவில்லை. கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய கணினிகளில் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டால்) கணினியை எப்படித் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தேர்வுகள், அதனுள் மீட்பு முறை, அதனுள் நிர்வாகியாகக் கட்டளை தட்டும் ரூட் முனையம். வட்டு முதலில் வாசிக்க மட்டும் திறந்திருக்கும் என்பதால் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்து எழுதவும் திறந்துகொண்டேன். பிறகு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பாதியில் நின்ற நிரல் பொதிகளை எல்லாம் அது வரிசையாக முடித்துக்கொண்டே போனது. அரை மணி நேரத்துக்கு மேல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்பு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. வேலை முடிந்தது. மேம்படுத்தும் முன் புதிய யுபிஎஸ் பேட்டரி வாங்குவது எவ்வளவு செலவானாலும் தகும்.

கிராபிக்ஸ் டிரைவரால் வரும் கறுப்புத் திரையை நான் கண்டதில்லை. எங்கள் கணினிகளில் தனி அட்டை கிடையாது. அட்டை வைத்திருப்பவர்கள் கிரப் பட்டியலில் ஈ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து ஒரு முறை ஏற்றிப் பார்க்கலாம். அதே பட்டியலில், இயங்குதளத்தின் மையமான கர்னலின் பழைய பதிப்பும் இருக்கும்.

மீட்பு முறையின் ரூட் முனையத்தில் யார் வேண்டுமானாலும் 'பாஸ்டபிள்யூடி' கொடுத்து உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முடியும். மறந்தவருக்கு இது வரம். பிறருடைய வழக்கு ஆவணங்களை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கவலை. எனவே மடிக்கணினியில் நிறுவும்போதே முழு வட்டையும் குறியாக்கம் செய்துவிட்டேன். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழி இல்லை; அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கடைச் சுவரில் நாட்காட்டிக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3, 'டிஎஃப் -எச்', 'எல்எஸ் -எல்ஏ' என்று மூன்று வரி. போன மாதம் மேலூரில் ஒரு விசேஷத்தில் இருந்தபோது தம்பியிடமிருந்து போன். வட்டு 97 விழுக்காடு ஆகிவிட்டது, பழைய ஸ்கேன்களை வெளி வட்டுக்கு மாற்றட்டுமா என்று கேட்டான். உள்நுழைவு நிற்கும் முன்பே பார்த்துவிட்டான்.