சொலிசிட்டர் பயிற்சியா, பாரிஸ்டர் பயிற்சியா: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது

இங்கிலாந்தில் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். அடுத்து சொலிசிட்டரா (கட்சிக்காரருக்கு நேரடியாக ஆலோசனை சொல்லி, பத்திரங்களையும் வழக்கு வேலைகளையும் கவனிப்பவர்), பாரிஸ்டரா (முக்கியமாகக் கோர்ட்டில் வாதாடுபவர்)? பெற்றோருக்குப் பெரும்பாலும் பாரிஸ்டர் என்ற சொல்லில்தான் ஆசை. பிள்ளைக்கும் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாட ஆசை. பயிற்சி இடம் எப்படிக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் போகும் என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. பல வீடுகளில் கட்டணம் கட்டிய பிறகு வருகிறது.

என் அக்கா மகள் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தவன் நான். அப்போது புரிந்தது இதுதான்: இரண்டு வழியிலும் பட்டம், தொழில்முறைத் தேர்வு, வேலையிடத்துப் பயிற்சி என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஆனால் குறுகலான வாசல் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. சொலிசிட்டர் வழியில் அது தேர்வு அறையில் இருக்கிறது. பாரிஸ்டர் வழியில் பெருந்தொகை கட்டிப் படித்து முடித்த பிறகு எதிரில் வந்து நிற்கிறது.

முதலில் சொலிசிட்டர். முன்பெல்லாம் எல்.பி.சி. என்ற தொழில்முறைச் சட்டப் படிப்பை முடித்துவிட்டு, ஏதாவது ஒரு சட்ட நிறுவனத்தில் ‘ட்ரெயினிங் கான்ட்ராக்ட்’ என்ற இரண்டு ஆண்டுப் பயிற்சி வேலை கிடைத்தாக வேண்டும். படிப்பை முடித்துவிட்டு அந்த இடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். 2021 செப்டம்பரில் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. இப்போது தேவை இரண்டு கட்டத் தேர்வு, இரண்டு ஆண்டு தகுதியான வேலை அனுபவம், நன்னடத்தைச் சோதனை, ஏதாவது ஒரு பட்டம். சட்டப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த ‘வேலை அனுபவம்’ என்ற பகுதியைத்தான் பலர் சரியாகப் படிப்பதில்லை. இரண்டு ஆண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. நான்கு இடங்கள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்த வேலை, பாராலீகல் வேலை (சொலிசிட்டர் ஆகாமலே சட்ட அலுவலகத்தில் செய்யும் உதவி வேலை), சம்பளமில்லாத தன்னார்வப் பணி எல்லாமே சேரும். வெளிநாட்டில் செய்ததும் சேரும். இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவரோ, அந்த நிறுவனத்தின் விதிமுறைப் பொறுப்பாளரோ கையெழுத்திட்டு உறுதி செய்தால் போதும். ஆகவே யாருக்காவது உதவி செய்த நாள்களையும், என்ன வேலை செய்தோம் என்பதையும் முதல் நாளிலிருந்தே எழுதி வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால், கையெழுத்திட வேண்டியவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

தேர்வு லேசானது என்று நினைக்க வேண்டாம். முதல் கட்டத்தில் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தந்து மிகப் பொருத்தமான ஒன்றைக் கேட்பார்கள். 2021 நவம்பரில் முதல் முறை நடந்தபோது தேறியவர்கள் 53 சதவீதம்தான். இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரிடம் விவரம் கேட்பது, வாதாடுவது, பத்திரம் எழுதுவது என்று 16 செய்முறைப் பணிகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு ஆண்டுக்குள் மூன்று வாய்ப்புகள். தொடங்கியபோது இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 3,980 பவுண்டு. பிறகு ஏறிவிட்டது. பயிற்சி வகுப்புக்கான செலவு இதில் சேராது. பெரிய நிறுவனங்களில் ட்ரெயினிங் கான்ட்ராக்ட் இன்னும் உண்டு. இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஆளெடுத்து, தேர்வுச் செலவையும் பெரும்பாலும் அவர்களே ஏற்கிறார்கள்.

பாரிஸ்டர் வழியில் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் (இவற்றை ‘இன்’ என்பார்கள்) ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்த பிறகுதான் பாரிஸ்டருக்கான ‘பார்’ படிப்பையே தொடங்க முடியும். காந்தி 1888இல் லண்டன் வந்து இன்னர் டெம்பிளில் சேர்ந்து, அங்கே கட்டாயமாக இருந்த விருந்துகளில் உட்கார்ந்து, தேர்வெழுதி, 1891 ஜூனில் பாரிஸ்டரானார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ‘பாரிஸ்டர் பட்டம்’ வாங்கினால் வேலை முடிந்தது என்றொரு நினைப்பு. இன்று அப்படி இல்லை. படிப்பை முடித்ததும் நீங்கள் சேர்ந்த இன் உங்களை முறைப்படி பாரிஸ்டராக அழைத்துப் பெயர் கொடுத்துவிடும், கவுன் போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘பியூபிலேஜ்’ என்ற ஓராண்டுப் பயிற்சி இல்லாமல் பாரிஸ்டராகத் தொழில் செய்ய முடியாது. அதில் முதல் ஆறு மாதம் மூத்தவர் பின்னால் நடந்து கற்பது, அடுத்த ஆறு மாதம் சொந்தமாக வழக்கு எடுப்பது.

பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. படிப்பில் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கட்டணம் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டிப் போகும். பியூபிலேஜ் இடங்களோ ஆண்டுக்குச் சில நூறுதான், கேட்டு நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். படிப்பை முடித்த ஐந்து ஆண்டுக்குள் இடம் பிடிக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. இடம் கிடைத்துவிட்டால் குறைந்தபட்ச உதவித்தொகை கட்டாயம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, அது நல்ல விஷயம். நான்கு இன்களும் படிப்புக்குக் கணிசமான உதவித்தொகை தருகின்றன. அதற்கு முந்தைய நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஒரே ஓர் இன்னுக்குத்தான்.

அதனால் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பியூபிலேஜோ இன் உதவித்தொகையோ கையில் வராமல், வீட்டுச் சேமிப்பை எடுத்தோ கடன் வாங்கியோ பார் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பியூபிலேஜுக்குப் படிப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே கேட்கலாம். பொது இணையவாசலில் ஜனவரியில் விண்ணப்பம், மே மாதத்தில் முடிவு.

விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ‘ஏன் வழக்காடும் தொழில்?’ என்ற கேள்விக்கு அக்கா மகள் முதலில் எழுதியது: “சிறு வயதிலிருந்தே நீதியின் மேல் ஆர்வம்.” ஆயிரம் பேர் எழுதும் வரி. நீ சட்ட உதவி மையத்தில் என்னதான் செய்தாய் என்று கேட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு வந்தாராம். இவள் எல்லாவற்றையும் தேதிவாரியாக மேசையில் அடுக்கியிருக்கிறாள். முன்பணம் கொடுத்த ரசீதுக்கும், அந்தப் பணத்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்த சான்றிதழுக்கும் நடுவே ஐந்து மாதம். சட்டப்படி 30 நாளுக்குள் சேர்த்திருக்க வேண்டும். அந்த ஓட்டையால் அந்த நோட்டீஸே செல்லாது. “இதை எழுதும்மா, நீதியை விடு,” என்றேன். அதையே எழுதினாள், ஒரு நேர்காணல் அழைப்பு வந்தது.

இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மையத்தில் செலவழித்த மாதங்கள் வீணாகவில்லை. சொலிசிட்டர் வழியில் அவை அப்படியே அனுபவக் கணக்கில் ஏறின. இந்த இரண்டு வழிகளையும் எதிரெதிராக வைத்துப் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாராலீகல் வேலை சொலிசிட்டருக்கு நாளாகச் சேர்கிறது, பாரிஸ்டர் விண்ணப்பத்துக்கு எழுத விஷயமாகவும் சேர்கிறது. பார் படிப்புக்குக் கட்டிய பணம் சொலிசிட்டர் பக்கம் இப்படி உதவுவதில்லை. கோர்ட்டில் பேசும் ஆசைக்கும் வழி இருக்கிறது: சொலிசிட்டரான பிறகு தனித் தகுதி பெற்று உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம்.

மேல்நிலைப் படிப்பு முடித்ததும் நேரே வேலையில் சேர்ந்து, சம்பளத்தோடு ஆறு ஆண்டில் சொலிசிட்டராகும் அப்ரெண்டிஸ் திட்டமும் உண்டு. கட்டணம் பிள்ளை தலையில் விழாது. இந்தியாவிலோ இலங்கையிலோ வழக்கறிஞராகப் பதிவு பெற்று வந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு அனுபவக் கட்டாயம் இல்லை, எஸ்.க்யூ.இ. எழுதினால் போதும். அவர்கள் திரும்பவும் ஒரு சட்டப் பட்டத்துக்குப் பணம் கட்டுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அக்கா மகள் இப்போது வீட்டுவசதி வழக்குகள் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் பாராலீகல். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் செய்த வேலையை நோட்டில் எழுதி, மேற்பார்க்கும் சொலிசிட்டரிடம் காட்டிவிடுகிறாள். ஜனவரியில் பியூபிலேஜுக்கு மறுபடி போடப்போகிறாள். எஸ்.க்யூ.இ. முதல் கட்டத்துக்கும் பெயர் கொடுத்தாயிற்று.