மாட்டுங்கா வீட்டுக் கதவுகளில் பீங்கான் குமிழ்கள்: 6 மழைக்காலங்களுக்குப் பிறகு

மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் 2019-இல் வாங்கிய நான்கு பீங்கான் குமிழ்களை, மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டுத் தேக்குக் கதவுகளில் பொருத்தி 6 மழைக்காலங்கள் ஆகிவிட்டன. வெள்ளைப் பீங்கானில் நீலப்பூ, விளிம்பில் பொன்வரி, கழுத்தில் பித்தளைப் பூண். நான்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு என்றார் கடைக்காரர், மூன்றை நம்புகிறேன். நான்காவதை உருப்பெருக்கியில் பார்த்தபோது, தூரிகை இழுத்த தடத்துக்குப் பதிலாக அச்சுப் புள்ளிகளே தெரிந்தன. அதற்கும் அதே விலைதான் கொடுத்திருந்தேன்.

பீங்கானைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்திலுள்ள இரும்புத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்க, குமிழோ ஈரத்துணியால் துடைத்தாலே பளிச்சிடுகிறது. தொல்லையெல்லாம் பீங்கானும் உலோகமும் சேரும் இடத்தில்தான். அந்த இணைப்பு நீதிமன்றம் வரை போன ஒன்று. களிமண் அல்லது பீங்கான் குமிழில் வாய் குறுகி உள்ளே அகன்ற குழி அமைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றித் தண்டைப் பிணைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1841-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் தண்டைப் பிணைக்கும் அந்த முறை உலோகக் குமிழ்களில் முன்பே வழக்கில் இருந்ததென்றும், குமிழின் பொருளை மட்டும் மாற்றுவது கண்டுபிடிப்பாகாது என்றும் ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் வழக்கில் 1851-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கள் படுக்கையறைக் குமிழ் மூன்றாம் மழைக்காலத்தில் ஆடத் தொடங்கியது. தச்சர் கழற்றிக் காட்டியபோது, கதவின் ஊடே சென்று குமிழைத் தாங்கும் சதுரக் கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. கழுத்தை ஒட்டிப் பீங்கானில் மயிரிழை போன்ற கீறல் ஒன்றும் ஓடியிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக மாற்றியதும் ஆட்டம் நின்றது, கீறல் வளரவில்லை. பூணிலுள்ள சிறு திருகு மாதம் ஒருமுறை தளர்ந்துகொண்டிருந்தது. முடுக்கியபின் அதன் தலையில் மனைவியின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தேன். அதன்பின் திருப்புளியை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது அம்மாவின் வழக்கம். பொன்வரி மேற்பூச்சுக்கு மேலே இடப்பட்டது என்பதை இரண்டு குமிழ்களில் அது அழிந்த பிறகே உணர்ந்தேன். தவிர, எண்ணெய்க் கையோடு உருண்டைக் குமிழைத் திருப்ப முடிவதில்லை. சமையலறைக் கதவை அம்மா முந்தானையால் பிடித்துத்தான் திறக்கிறார். அச்சுப்பூக் குமிழ் இருப்பது அந்தக் கதவில்தான். வீட்டிலேயே அதிகம் திறக்கப்படும் கதவாக இருந்தும், அது மட்டும் இன்றுவரை ஒருமுறைகூட ஆடவில்லை.